கைக்கணினி வந்துவிட்டது, கூட நிற்பவர் யார்?

தொடக்கப்பள்ளி வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பாடத்தோடு பாடமாக எப்படிச் சேர்ப்பது என்று பேச மதுரைப் பழங்காநத்தத்தில் கூடியிருக்கிறோம். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களும் அவர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்களும் ஒரே கூடத்தில் உட்காருவது நம்மிடம் அடிக்கடி நடப்பதில்லை. ஆகவே தலைமையுரைக்கு உரிய சம்பிரதாயங்களைச் சுருக்கிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இன்று இன்னொரு கருவி தேவைப்படவில்லை, இன்னொரு நாள் பயிற்சியும் தேவைப்படவில்லை என்பது என் கருத்து. கையிலிருக்கும் கருவியைத் தன் பாடத்துக்குள் கொண்டுவரும் வரை அவருடைய வகுப்பறைக்கே வந்து கூட நிற்கும் ஓர் ஆள் அவருக்குத் தேவை. அந்த ஆளை நாம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர் என்ற பெயரில் அவர் இருக்கிறார். அவருக்கு வேறு வேலைகளைக் கொடுத்து வைத்திருக்கிறோம் என்பதுதான் சிக்கல்.

கருவிக்குக் குறைவில்லை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. கொரோனா முடக்கத்துக்குப் பின் 2021இல் இல்லம் தேடிக் கல்வியும், 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கான எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தன. 2024இல் அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி வழங்கவும், தொடக்கப்பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கவும் அரசு இறங்கியது. ஆறே ஆண்டில் இவ்வளவு. இந்தியாவில் வேறு பல மாநிலங்கள் பொறாமைப்படக்கூடிய வேகம் இது. அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் பொருள் போய்ச் சேர்ந்ததும் கற்றல் நடந்துவிடும் என்று நம்பி ஏமாந்த வரலாறும் நமக்கு உண்டு. 1986 கல்விக் கொள்கையை அடுத்து வந்த கரும்பலகைத் திட்டத்தில் பள்ளிதோறும் அறிவியல் பெட்டியும் கணிதப் பெட்டியும் கொடுத்தார்கள். பல பள்ளிகளில் அவை அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. உடைந்தால், தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயம் ஒரு பக்கம். எந்தப் பாடத்தில், எந்த நிமிடத்தில் அதை எடுத்துக் காட்டுவது என்று யாரும் கூட இருந்து செய்துகாட்டாதது மறுபக்கம்.

வெளியுலகச் சான்றுகளும் இதைத்தான் சொல்கின்றன. பெரு நாட்டில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை 319 ஊரகத் தொடக்கப்பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. ஆனால் இதைக் காட்டித் தொழில்நுட்பமே வீண் என்று முடிவுகட்டுவதும் அவசரம். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பள்ளி முடிந்த பிறகு தனி மையங்களில் பயன்படுத்திய மாணவர்கள், நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவாக முன்னேறினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து அந்த மென்பொருள் தொடங்கியதுதான் காரணம். என்னை அதிகம் யோசிக்க வைப்பது லீ லிண்டன் குஜராத்தில், ஞானசாலா பள்ளிகளில் செய்த ஆய்வு. கணிதத்துக்கான ஒரே மென்பொருளை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார். பள்ளி நேரத்துக்குள், ஆசிரியரின் பாடத்துக்குப் பதிலாகக் கணினியை வைத்த இடத்தில் பிள்ளைகளின் கற்றல் குறைந்தது. பாடம் வழக்கம்போல் நடக்க, கூடுதல் நேரத்தில் கணினியைக் கொடுத்த இடத்தில் ஏறியது. ஒரே திரை, ஒரே கணக்கு, எதிரெதிர் விளைவு! ஏற்கெனவே ஒழுங்காக நடந்துகொண்டிருந்த பாடத்தின் நேரத்தை எடுத்துக்கொண்டால் நல்ல மென்பொருளும் நட்டத்தைத் தரும் என்பதே இதன் பொருள். நம் ஈராசிரியர் பள்ளிகளில், ஒருவர் மூன்று வகுப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு கற்பிக்கும் அறைகளில், நேரம்தான் இருப்பதிலேயே விலை உயர்ந்த சரக்கு. எந்தத் தொழில்நுட்பத்தையும் முதலில் அந்தத் தராசில்தான் நிறுக்க வேண்டும்.

பேச்சு காற்றில் நிற்காமல் இருக்க, ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்பில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், கணிசமான பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது. ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று போட்டுவிடுவார்கள். கடன் வாங்கிக் கழித்தல் என்று நாம் அந்தக் காலத்திலிருந்து சொல்வதும், பாடநூல் இனமாற்றம் என்று சொல்வதும் இன்னும் மனத்தில் பதியவில்லை என்பதற்கு அடையாளம் அது. 35 என்று எழுதும் பிள்ளையும் 43 என்று எழுதும் பிள்ளையும் வேறு வேறு பிள்ளைகள். முதல் பிள்ளைக்கு ஒரு தவறான விதி மனத்தில் உறுதியாக இருக்கிறது, இரண்டாவது பிள்ளை தடுமாறியிருக்கிறது. கைக்கணினியின் மதிப்பீட்டுச் செயலியில் இரண்டும் ‘தவறு’ என்ற ஒரே கட்டத்தில் விழுகின்றன. திறன்மிகு வகுப்பறையில் ஓடும் அசைவூட்டப் படமோ சரியான முறையை அழகாகக் காட்டிவிட்டு முடிந்துவிடுகிறது. 35 எப்படி வந்தது என்று அது கேட்பதில்லை. ஆனால் அதே கைக்கணினியில் ஆசிரியர் மூன்று சிலேட்டுகளைப் பெயர் தெரியாமல் படம் எடுத்து, அறையிலுள்ள பெரிய திரையில் போட்டு, ‘இதில் எது சரி? மற்றவர் எப்படி யோசித்திருப்பார்?’ என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் வகுப்பே அந்தக் கணக்கைப் பிரித்து மேய்ந்துவிடும். இதற்கு இணைய வசதி வேண்டாம், புதிய மென்பொருள் வேண்டாம், கியூஆர் குறியீடும் வேண்டாம். எந்தச் சிலேட்டைப் படம் எடுப்பது என்று தெரிந்த கண் வேண்டும். அந்தக் கண் பாட அறிவாலும் அனுபவத்தாலும் வருவது. கருவியைப் பாடத்துக்குள் சேர்த்தல் என்று நாம் சொல்வதெல்லாம் இத்தகைய நூறு சிறு முடிவுகள்தான்.

இந்த முடிவுகளை எடுக்க ஆசிரியருக்கு இன்று இடம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கைக்கணினி இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்கிறது. ஒருவர் வகுப்பறை, இன்னொருவர் எமிஸ் என்ற கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பு. வருகைப் பதிவு, நலத்திட்டப் பொருள் வழங்கிய விவரம், மாணவர் விவரத் திருத்தம், பயிற்சியில் கலந்துகொண்டதற்கான பதிவு, வளரறி மதிப்பீடு என்று இரண்டாமவர் கேட்பவை எல்லாம் தேதி போட்டுக் கேட்கப்படுபவை. செய்யாவிட்டால் மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் பள்ளியின் பெயர் வந்துவிடும். வகுப்பறை என்ற எஜமானர் எதையும் தேதி போட்டுக் கேட்பதில்லை. ஆகவே அவர் காத்திருக்கிறார். எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொன்னது மிகச் சரியான சிந்தனை; டெல்லி ஆய்வு காட்டியதும் அதுவே. ஆனால் நிலையை அறியும் மதிப்பீட்டை ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கருவியில் நடத்தும்போது, சர்வர் சுற்றிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் மற்றப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே ஏறிப்போன மதிப்பெண், மறுநாள் காலையில் யாருக்கு எதைக் கற்பிப்பது என்ற குறிப்பாகத் திரும்பி இறங்கினால் அந்த நேரம் வீணில்லை. பெரும்பாலும் அது மாவட்டத்தின் சராசரியாகத்தான் திரும்பி வருகிறது. சராசரியை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் எந்தப் பிள்ளைக்கும் கழித்தல் சொல்லிக்கொடுக்க முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்று தெரியும். பதிவு கேட்காவிட்டால் பொறுப்புக்கு என்ன வழி, பள்ளிக்குப் போகாத ஆசிரியரையும் பாடம் நடத்தாத ஆசிரியரையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பார்கள். நியாயமான கேள்விதான்; ஊராட்சிப் பள்ளிப் பெற்றோர் சார்பில் அதைக் கேட்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கு ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வொரு வாரமும் பதிவு செய்யத் தேவையில்லை. ஆண்டுக் கல்வி நிலை அறிக்கைக்கான ஏசர் ஆய்வு ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மாதிரிக் கிராமங்களில், பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறது. தமிழக ஊரகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் 10.2 சதவீதம், 2022இல் 4.8 சதவீதம், 2024இல் ஏறத்தாழ 12 சதவீதம் என்று அது சொன்னது. அந்த எண்களோடு நமக்கு வழக்கு இருக்கலாம். பத்தியின் கடினம் பற்றி, தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கை பற்றிக் கேள்வி எழுப்பலாம். ஆனால் மாநிலத்தின் நிலையை அறிய மாதிரி ஆய்வே போதும் என்பதை மறுக்க முடியாது. வீழ்ந்ததிலிருந்து எழுந்தது பயிற்சி நூலாலா, இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலர்களாலா, நிலை பிரித்துக் கற்பித்ததாலா என்று அந்த எண்களால் பிரித்துச் சொல்லவும் முடியாது. ஆகவே அந்த ஏற்றத்தைச் செயலிகளின் கணக்கில் எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இனி, கூட நிற்பவர் பற்றி. கென்யாவின் கிசுமு பகுதியில் தொடக்க வகுப்பு வாசிப்புக்காக ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளில் மாணவர்களுக்கு மின்வாசிப்புக் கருவி, இன்னொரு பகுதியில் ஆசிரியர்களுக்குக் கைக்கணினி, மூன்றாவதில் பள்ளிகளுக்குச் சென்று பாடத்தைப் பார்த்து ஆலோசனை சொல்லும் பயிற்றுநர்களுக்கு மட்டும் கைக்கணினி. மூன்றிலும் கற்றல் உயர்ந்தது, மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. செலவைப் பார்த்தால் பயிற்றுநருக்குக் கொடுத்ததே மிகவும் சிக்கனம். தென்னாப்பிரிக்காவிலோ, ஒரே பாடத்திட்டக் குறிப்பையும் ஒரே வாசிப்பு நூல்களையும் கொடுத்து, ஒரு பிரிவு ஆசிரியர்களுக்கு மண்டபத்தில் கூட்டிப் பயிற்சி தந்தார்கள், இன்னொரு பிரிவுக்கு வகுப்பறைக்கே பயிற்றுநரை அனுப்பினார்கள். இரண்டாம் பிரிவுப் பிள்ளைகளின் முன்னேற்றம் முதல் பிரிவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பயிற்றுநரை நேரில் அனுப்பாமல் கைக்கணினி வழியாகவே அறிவுரை சொன்னால் போதாதா என்றும் அங்கே பார்த்தார்கள். முதல் ஆண்டில் இரண்டும் சமமாகத்தான் தெரிந்தன. மூன்றாண்டு முடிவில் நேரில் வந்தவர் தெளிவாக முந்தியிருந்தார். நமக்கு இது வெளிநாட்டுப் பாடமும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சி 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியபோது, ஆசிரியர்கள் ஆந்திரத்து ரிஷி வேலிக்குப் போய்ப் பார்த்து வந்து, தாங்களே உட்கார்ந்து அட்டைகளை உருவாக்கினார்கள். அந்தப் பள்ளிகளில் அது உயிரோடு இருந்தது. 2007இல் மாநிலம் முழுவதும் ஒரே வீச்சில் பரப்பியபோது அட்டைகள் போய்ச் சேர்ந்தன, பார்த்துப் பழகிய கைகள் போய்ச் சேரவில்லை. அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணிப்படியில் குறியிடுவதே பாடம் என்று ஆகிவிட்ட வகுப்புகள் எத்தனை என்பது இங்கே மூத்த ஆசிரியர்களுக்குத் தெரியும்.

வயதான ஆசிரியர்களுக்குக் கணினி வராது என்று ஒரு பேச்சு உண்டு. வங்கிக் கணக்கும் பேரப்பிள்ளையின் காணொலி அழைப்பும் கைப்பேசியிலேயே நடக்கும் காலத்தில் இதை நான் ஏற்பதில்லை. பிள்ளைகளின் கண்ணுக்கும் கவனத்துக்கும் திரை கேடு என்ற மறுப்பு இன்னும் கனமானது. அதற்கு நான் முழுக்க இணங்குகிறேன். ஆறு வயதுப் பிள்ளையின் கையில் கருவி இருக்க வேண்டிய தேவை மிகக் குறைவு. ஆசிரியரின் கையில் இருக்கட்டும். பெரிய திரை ஒரு பாடவேளையில் சில நிமிடம் ஒளிர்ந்துவிட்டு அணையட்டும். பயிற்றுநர்களின் எண்ணிக்கை போதாது என்பதே உண்மையான தடை. ஓர் ஒன்றியத்தில் இருக்கும் பள்ளிகளை எல்லாம் அவர்கள் மாதம் ஒருமுறை எட்டிப்பார்ப்பதே கடினம். அந்த நாளிலும் பாதி, பதிவேடு பார்ப்பதிலும் எமிஸ் நிலுவை கேட்பதிலும் போய்விடுகிறது. இதற்கு என் விடை, எல்லாப் பள்ளிக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்பதை விட்டுவிட்டு, ஒரு பருவத்துக்குச் சில பள்ளிகள் என்று எடுத்துக்கொண்டு அங்கே வாரந்தோறும் போவது. அந்தப் பருவத்தில் அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சிலேட்டைத் தானே படம் எடுத்துப் பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும். ஆய்வு செய்ய வந்த அதிகாரி என்ற தோரணையை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். பயிற்றுநர் போதாத இடத்தில் ஆசிரியர்களிலிருந்தே ஆள் எடுக்கலாம் என்பதற்கு, கேரளத்தில் பள்ளிகளுக்கான தொழில்நுட்பப் பயிற்சியை ஆசிரியர்களிலிருந்தே தேர்ந்த முதன்மைப் பயிற்சியாளர்கள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு நடத்துவதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

ஆகவே இந்தக் கருத்தரங்கு ஒரு சோதனைக்கு வரைவு எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம், நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருப்பரங்குன்றம் வட்டாரம். அங்குள்ள தொடக்கப்பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்போம். ஒரு பாதியில் வழக்கம்போல் நடக்கட்டும். மறுபாதியில் ஒரு பருவம் முழுவதும் செயலி மதிப்பீட்டை நிறுத்திவைத்து, பயிற்றுநர் வாரம் ஒருமுறை வகுப்பில் கூட நிற்கட்டும். பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் டி.கல்லுப்பட்டியில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் பயிற்சி மாணவர்கள், எந்தப் பள்ளி எந்தப் பாதி என்று தெரியாமல், பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் தனித்தனியே கேட்டுப் பதியட்டும். நல்ல பாடவேளைகளைப் படம்பிடித்துப் பிற வட்டாரங்களுக்கு அனுப்ப, காமராசர் பல்கலைக்கழகத்தின் கல்விசார் பல்லூடக ஆய்வு மையத்தின் உதவியைக் கேட்கலாம். செயலியை நிறுத்திவைக்க இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். அதைக் கேட்கும் கடிதத்தில் என்ன எழுதுவது, எத்தனை பள்ளிகளைக் கேட்பது, பயிற்றுநரின் மற்றப் பணிகளை அந்தப் பருவத்தில் யாரிடம் ஒப்படைப்பது என்பவற்றை முதல் அமர்விலேயே முடிவு செய்தால் நல்லது. முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.