கைப்பிடி அரிசி எவ்வளவு தூரம் போகும்?

இன்னைக்கு தெற்கே போறோம். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள்ல செம்மண் தேரிக்கும் பனங்காட்டுக்கும் நடுவுல இருக்கிற சின்னச் சின்ன ஊர்க் கோயில்கள். கோயில்னு நான் சொல்றது சி.எஸ்.ஐ. சர்ச்சை. சென்னையில 'சர்ச்'னு சொல்ற அதே ஆளுங்க, ஊர்ல பஸ்ஸை விட்டு இறங்கினதும் 'கோயில்'னுதான் சொல்வாங்க. போதகரை 'ஐயர்'னு சொல்வாங்க. "ஐயர் பிரசங்கம் முடிச்சுட்டு மட்டன் சாப்பாட்டுக்குப் போயிட்டார்"னு நான் ஒரு தடவை ஆபீஸ்ல சொல்லப்போய், பக்கத்து சீட்டுக்காரர் பத்து நிமிஷம் குழம்பிப் போனார்.

இந்தக் கோயில்களைப் பத்திப் பேச நிறைய இருக்கு. அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு பூசணிக்காய் சில ஆயிரத்துக்குப் போகும். எடுத்தவரே அதைத் திரும்ப ஏலத்துக்குக் கொடுப்பார். அசனம்னு ஊரே உட்கார்ந்து சாப்பிடற விருந்துக்குத் தனி எபிசோடே போடலாம். இன்னைக்கு நான் எடுத்துக்கிட்டது ஒரே ஒரு விஷயம். கைப்பிடி அரிசி.

தெரியாதவங்களுக்காக எப்படி நடக்குதுன்னு சொல்லிடறேன். வீட்டுல சோறு பொங்க அரிசியை அளந்து எடுப்பாங்க இல்லையா, அதை உலையில போடறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்துத் தனியா ஒரு டப்பாவுல போட்டுடுவாங்க. ஞாயித்துக்கிழமை அந்த டப்பா கோயிலுக்கு வரும். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே சாக்குல சேரும். பிறகு அதை வித்து, வர்ற பணம் ஊழியத்துக்குப் போகும். சில ஊர்கள்ல அரிசியாவே இல்லாதவங்க வீட்டுக்குப் போகும்.

இதுல கவனிக்க வேண்டியது, அந்தப் பிடி அரிசி மூட்டையிலிருந்து வர்றதில்ல. வீட்டு ஆட்களுக்குன்னு அளந்து எடுத்த அரிசியிலிருந்து வருது. அப்படின்னா அன்னைக்கு அந்த வீட்டுச் சோத்துல ஒரு பிடி குறையும். மிச்சம் இருந்தா கொடுக்கலாம்ங்கிற பேச்சே கிடையாது. சம்பளம் நம்ம கையில வர்றதுக்கு முன்னாடியே பி.எஃப். பிடிக்கிற மாதிரி.

என் ஆச்சியோட கைப்பிடியைத் தராசுல போட்டுப் பார்த்தேன். 45 கிராம். ஒரு நாளைக்கு ஒரு பிடின்னா வருஷத்துக்கு 16 கிலோ சொச்சம். நூறு வீடு இருக்கிற ஊர்ல ஒன்றரை டன்னுக்கு மேல. ஆச்சி இந்தக் கணக்கைக் கேட்டுட்டு, "பிடிக்குப் பிடி நிறுத்தா பாப்பாக?"ன்னாங்க. அதோட பேச்சு முடிஞ்சுது.

ஏன் பணம் இல்லாம அரிசி? எனக்குப் புரிஞ்சவரைக்கும் இதுக்குக் காரணம் வீட்டுக்குள்ள இருக்கு. பனையேறுற குடும்பங்கள்ல காசு வர்றது பதநீர் சீசன்ல. அது ஆம்பளைங்க கையில, இல்லைன்னா கருப்பட்டி வியாபாரி கணக்குல இருக்கும். பெண்கள் கையில காசு புழங்கினது கம்மி. ஆனா உலை அவங்க கையில. அந்த ஒரு பிடியை எடுக்க அவங்க யார்கிட்டயும் கேட்க வேண்டியதில்ல. எல்லா வீட்டுலயும் தினமும் நெல்லுச்சோறு கிடைக்காத காலத்துல ஆரம்பிச்சு ஓடின விஷயம் இது, அதையும் சேர்த்து நினைச்சுப் பாருங்க.

இது கிறிஸ்தவங்க மட்டும் செய்யறதுன்னு நினைச்சுடாதீங்க. காஞ்சி மகாபெரியவர் சொல்லி நடந்த பிடி அரிசித் திட்டம் பல பேர் வீட்டுல ஞாபகம் இருக்கும். மிசோரம்ல பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-ல ஆரம்பிச்சது இன்னைக்கும் ஓடுது. 'பூஃபாய் தாம்'னு பேரு. இப்போ அதுல வருஷத்துக்குப் பல கோடி ரூபாய் சேருது.

நம்ம தெற்குக்கு வருவோம். இந்த ஊர்கள்ல சபைங்கிறது ஞாயித்துக்கிழமை ஆராதனைக்காக மட்டும் உருவானதில்ல. 1799-ல முதலூர் உருவாச்சு. மதம் மாறினதுக்காகத் துன்புறுத்தப்பட்ட குடும்பங்களை டேவிட் சுந்தரானந்தம்ங்கிற உபதேசியார் விலைக்கு வாங்கின நிலத்துல குடியேத்தினார். முதல் கிறிஸ்தவக் குடியிருப்பு, அதனால முதல் ஊர், முதலூர். (இன்னைக்கு மஸ்கோத் அல்வாவுக்காக அங்க போறவங்கதான் அதிகம். நானும் அதுக்குப் போயிருக்கேன்.) 1830-ல ரேனியஸ் ஐயர் காலத்துல 'தர்ம சங்கம்'னு ஒண்ணு வந்துச்சு. இடத்தைவிட்டு விரட்டப்பட்டவங்களுக்கு நிலம் வாங்க, வீடு கட்ட, சபை ஜனங்களே காசு போட்ட சங்கம். ஆக அங்க பக்கத்துல நிக்கிறவனுக்குத் தலைக்கு மேல கூரை போடறதும் ஜெபமும் ஒரே வேலையா இருந்திருக்கு.

அடுத்த கட்டம் 1903. வேதநாயகம் சாமுவேல் அசரியா, உடன்குடி பக்கம் வெள்ளாளன்விளையில 1874-ல பிறந்தவர், முன்னாடி வருஷம் யாழ்ப்பாணம் போனப்போ அங்க தமிழ்க் கிறிஸ்தவங்க தாங்களே ஒரு மிஷன் நடத்தறதைப் பார்த்தார். திரும்பி வந்து நண்பர்களோட சேர்ந்து பாளையங்கோட்டையில இந்தியன் மிஷனரி சொசைட்டியை ஆரம்பிச்சார். வெள்ளைக்காரங்க பணம் வேண்டாம், நம்ம ஆட்கள், நம்ம காசு, நம்ம நிர்வாகம். முதல் மிஷனரி போன இடம் ஹைதராபாத் நிஜாம் ஆட்சியில இருந்த மானுக்கோட்டை, இன்னைக்குத் தெலங்கானாவுல மஹபூபாபாத். அசரியாவே பிறகு அந்தப் பக்கத்துக்குப் போய், 1912 கடைசியில தோர்ணக்கல் பிஷப் ஆனார். ஆங்கிலிகன் சபையில முதல் இந்திய பிஷப் அவர்தான்.

யோசிச்சுப் பாருங்க. தேரிக்காட்டுல ஒருத்தி உலை வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்துவைக்கிற பிடி அரிசி, பாஷை தெரியாத தெலுங்கு நாட்டுல ஒருத்தர் பள்ளிக்கூடம் நடத்தக் காசா மாறியிருக்கு. எனக்கு இது உண்மையிலேயே பிரமிப்பு.

ஆனா இதோடயே இன்னொரு கேள்வியும் வருது. அவ்வளவு தூரம் போகத் தெரிஞ்ச அரிசி, ரோட்டைத் தாண்டிப் போச்சா?

இந்தப் பக்கத்துல பெரும்பாலான ஊர்க் கோயில்கள் ஒரே சாதிக் கோயில்களாத்தான் வளர்ந்துச்சு. ஊர் ஊரா, சொந்தபந்தத்தோட மொத்தமா மதம் மாறினது அதுக்கு ஒரு காரணம். காரணம் என்னவா இருந்தாலும், ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கோயில், அந்தப் பக்கம் காலனியில இன்னொரு கோயில். ரெண்டுலயும் அதே பைபிள், அதே பாட்டு. எங்க ஊர்லயும் அப்படித்தான். எங்க கோயில் சுவத்துல மிஷனரிகள் போன இடங்களோட மேப் தொங்குது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அந்த மேப்புல இல்ல.

1910-ல எடின்பரோவுல நடந்த உலக மிஷனரி மாநாட்டுல அசரியா பேசினார். மேற்கத்திய மிஷனரிகளைப் பார்த்து அவர் சொன்னதோட சாரம் இதுதான்: நீங்க எங்களுக்காக நிறைய கொடுத்திருக்கீங்க, நன்றி, ஆனா நாங்க கேட்கிறது நட்பு. ஒரே மேஜையில உட்கார்றதை அவர் கேட்டார். கொடுக்கிற கை மேலேயும் வாங்குற கை கீழேயும் இருக்கிற வரைக்கும் என்ன கொடுத்தும் பத்தாதுன்னு அன்னைக்கே ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கார். நம்ம ஊர்க் கோயில்கள்ல அசரியா படம் மாட்டியிருக்கிற அளவுக்கு இந்தப் பேச்சைப் படிச்சிருக்காங்களாங்கிறது எனக்குச் சந்தேகம்தான்.

இந்த லெந்து காலத்துல நான் ஊர்ல இருந்தேன். ஒர்க் ஃப்ரம் ஹோம், நெட் மட்டும் அப்பப்போ காலை வாரும். ஒரு சாயங்காலம் கோயில் வராண்டாவுல பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். அன்னைக்கு எடுத்த பகுதி சாறிபாத் விதவை. பஞ்ச காலம். அவ கையில இருக்கிறது பானையில ஒரு பிடி மாவும் கலயத்துல கொஞ்சம் எண்ணெயும். அதைச் சுட்டுத் தானும் மகனும் சாப்பிட்டுட்டுச் சாகப் போறோம்னு இருக்கிறா. எலியா தீர்க்கதரிசி வந்து, முதல்ல எனக்கு ஒரு அடை பண்ணித் தாங்கிறார். அவ கொடுக்கிறா. பானையில மாவு குறையவே இல்ல.

இந்தக் கதையை வச்சு வழக்கமா வர்ற பிரசங்கம் ஊகிக்கக் கூடியதுதான். இல்லாதப்பவும் கொடு, ஆசீர்வாதம் வரும், காணிக்கைத் தட்டு வருது. ஐயரம்மா அந்த ரூட்ல போகல. அவங்க கேட்டது ஒரு கேள்வி: இதுல யாரு யாருக்கு உதவி செஞ்சா?

கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் ஒருத்தங்க சொன்னாங்க, அவ வேற தேசத்துக்காரில்லா, சீதோன்காரி. இஸ்ரவேலோட தீர்க்கதரிசி வேத்து ஜாதிக்காரி வீட்டுல கையேந்தி நிக்கிறார். இயேசு இதையே நாசரேத் ஜெப ஆலயத்துல சொல்லிக் காட்டினப்போ (ஒரிஜினல் நாசரேத், நம்ம தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் இல்ல) ஜனங்க கோபப்பட்டு அவரை மலையிலிருந்து தள்ளிவிடப் பார்த்தாங்கன்னு ஐயரம்மா ஞாபகப்படுத்தினாங்க. அப்போ கடைசி வரிசையிலிருந்து ஒரு அத்தை, எழுபது வயசு இருக்கும், சொன்னாங்க: "அவரு அவ வீட்டு மாடியிலேயே தங்கிட்டாருல்லா? மாவக் குடுத்துட்டு, போட்டோ எடுத்துட்டு பஸ்ஸேறலயே."

எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா நான் கேட்ட பைபிள் விளக்கங்கள்ல இதைவிட நேரா வந்தது எதுவும் இல்ல.

இப்போ நடப்பைச் சொல்றேன். 2011-லேருந்து தமிழ்நாட்டுல ரேஷன் அரிசி இலவசம். 2021-லேருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்'ல பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது. அதனால அரிசி இல்லாத வீடுன்னு எங்க ஊர்ல தேடிக் கண்டுபிடிக்கணும். கைப்பிடி அரிசி டப்பாவும் பல வீட்டுல மாசம் நூறு ரூபாயா மாறிடுச்சு. டப்பாவுல வர்றதும் ரேஷன் அரிசியும் பொன்னியும் இட்லி அரிசியும் கலந்து வருது. அதைப் பொங்கினா பாதி குழையும், பாதி வேகாது. கோழி வளர்க்கிறவர் ஒருத்தர் மொத்தமா எடுத்துக்கிறார்.

அப்போ அந்தப் பணம் யாருக்குப் போகுது? பெண்கள் சங்கத்துல ஒரு நோட்டு வச்சிருக்காங்க. தெருவுக்கு ரெண்டு பேர். காலையில ஏழரை மணிக்குள்ள வாசல் தெளிக்காத வீடு எதுன்னு பார்க்கிறது அவங்க வேலை. தெளிக்கலைன்னா கதவைத் தட்டுவாங்க. தனியா இருக்கிற வயசானவங்க பேர், என்ன மாத்திரை, எந்த ஆஸ்பத்திரி, யாருக்கு போன் பண்ணணும்னு நோட்டுல இருக்கு. அரிசிப் பணம் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போற ஆட்டோவுக்குத்தான் போகுது. போன மாசம் ரெண்டு வீட்டுக்கு போன் ரீசார்ஜ் பண்ணியிருக்காங்க.

அந்த நோட்டைப் புரட்டினப்போதான் எனக்கு விஷயம் உறைச்சுது. அதுல இருக்கிறவங்க 'ஏழைகள்' இல்ல. 'போன் பண்ண வேண்டியவர்'ங்கிற இடத்துல எழுதியிருக்கிற ஊர்கள்: பெங்களூரு, சென்னை, துபாய், டொராண்டோ. சோழிங்கநல்லூர் மட்டும் நாலு தடவை. நம்ம ஆட்கள்தான் மக்களே. நம்ம செட்டோட அப்பா அம்மா. ரீசார்ஜ் தீர்ந்துபோன அந்த ரெண்டு போனுக்கும் ஞாயித்துக்கிழமை வீடியோ கால் பண்ற ரெண்டு பேரும் நல்ல சம்பளத்துல இருக்கிறவங்க. அப்பா அம்மா கேட்க மாட்டாங்க, பிள்ளைங்களுக்குத் தெரியாது. நடுவுல ஒரு பிடி அரிசி.

நோட்டுல இன்னொண்ணும் பார்த்தேன். கடைசி ரெண்டு பக்கத்துல ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பேர்கள், பதினொண்ணு. அது கூட்டம் போட்டு எடுத்த முடிவு இல்ல. அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு வர்ற ஒரு அக்கா, எங்க தெருப் பாட்டி ஒருத்தங்க கீழே விழுந்து கிடந்ததை முதல்ல பார்த்துத் தூக்கினவங்க. "அவ நம்ம தெருவப் பாத்துக்கிடுதா, அவ அம்மைய யாரு பாக்கா?"ன்னு யாரோ கேட்டிருக்காங்க. பேர் ஏறிடுச்சு.

இப்போ பிரச்சினைக்கு வர்றேன். ஊருக்கு வெளியே இருக்கிறவங்களுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு, நானும் அதுல இருக்கேன். ஒரு வருஷமா கோயிலுக்குப் புதுக் கோபுரம் கட்டப் பணம் சேருது. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் கைகூப்பற எமோஜியும் நிரம்பி வழியுது. பெண்கள் சங்கம் கேட்கிறது வேற. கோயிலை ஒட்டின தொடக்கப்பள்ளியில பிள்ளைங்க குறைஞ்சு ஒரு ரூம் பூட்டிக் கிடக்கு. அதைத் திறந்து, தனியா இருக்கிற வயசானவங்க மதியம் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட ஒரு ஏற்பாடு. நோட்டுல இருக்கிற எல்லாருக்கும். அந்தக் கடைசி ரெண்டு பக்கமும் சேர்த்து. தனியா இருக்கிறவங்க சமைக்கிறதையே விட்டுடறாங்க, ஒரு ஆளுக்கு எதுக்கு உலைன்னு. அரிசி இருந்தும் பசி.

கமிட்டியில ரெண்டு பதில் வந்துச்சு. ஒண்ணு, கோபுரத்துக்குக் கொடுத்த காசை மாத்த முடியாது. இது நியாயம், ஒத்துக்கிறேன். இன்னொண்ணு, சபைக் காசு சபை ஆட்களுக்குத்தான். இதை என்னால ஒத்துக்க முடியல. மானுக்கோட்டையில யாரும் எங்க சபை ஆள் இல்லையே.

எனக்குக் கோபுரம் மேல கோபம் கிடையாது. மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் தூரத்துலேருந்து பனைக்கு மேல தெரியறப்போ எனக்கும் சிலிர்க்கும். ஆனா குரூப்ல நான் எழுதினது இது: என் பங்கைச் சாப்பாட்டு ரூமுக்கு எழுதிக்கோங்க, பதினொரு பேரையும் சேர்த்தாத்தான். நாலு பேர் கட்டைவிரல் போட்டாங்க. ஒருத்தர் குரூப்பை விட்டுப் போயிட்டார். ஒரு அண்ணன் டொராண்டோவுலேருந்து தனியா கூப்பிட்டு, "எங்க அம்மா பேரு அந்த நோட்டுல இருக்கால?"ன்னு கேட்டார். இருக்குண்ணேன்னு சொன்னேன். ரொம்ப நேரம் லைன்ல இருந்தார், அப்புறம் கட் பண்ணிட்டார்.

அறுப்பின் பண்டிகை முடிஞ்சு கமிட்டி கூடுது. ரூம் சாவி இப்போதைக்கு அங்கேயே ஆணியில தொங்குது. பெண்கள் சங்கத்துல பாத்திரம் மட்டும் வாங்கிட்டாங்க, பழைய அசனப் பாத்திரம் ரொம்பப் பெருசாம்.

உங்க ஊர்ல பிடி அரிசி உண்டா, அதுக்கு என்ன பேரு, அந்தப் பணம் யாருக்குப் போகுதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. கமிட்டி என்ன முடிவு எடுத்தாலும் அடுத்த மாசம் சொல்றேன்.