சொன்னதைச் சொன்னபடி
மல்லாங்கிணற்றில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவு

2024 ஏப்ரல் 30ஆம் தேதி திருவில்லிபுத்தூர் விரைவு மகளிர் நீதிமன்றம் ஒரு தண்டனையை அறிவித்தது. அருப்புக்கோட்டை தேவாங்கர் கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்த நிர்மலா தேவிக்குப் பத்தாண்டுச் சிறை. மாணவிகளைத் தவறான வழிக்கு இழுக்கப் பேசிய தொலைபேசிப் பேச்சு ஆறாண்டுகளுக்கு முன் வெளிவந்தபோது இந்தக் கரிசல் சீமையே கொந்தளித்தது. ஆளுநர் ஒரு தனி விசாரணைக்கு உத்தரவிட்டார். சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் காரியாபட்டி முதல் திருச்சுழி வரை எல்லா டீக்கடைகளிலும் அடிபட்டது. தீர்ப்பெழுதிய நீதிபதி பகவதியம்மாளின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவரை அவர் அதே வழக்கில் விடுவித்தார் என்பதும் பலருக்கு நினைவில் இல்லை. ஊரே கொதித்துக் கிடக்கும் வழக்கில் ஒருவரைத் தண்டித்து இருவரை விடுவிக்க, ஆதாரத்தை ஆள் ஆளாகப் பிரித்துப் பார்க்கும் நிதானம் வேண்டும்.

மாவட்டத் தலைநகர் விருதுநகர். ஆனால் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது திருவில்லிபுத்தூரில். கொலை, பாலியல் வன்முறை என்று பெரிய வழக்கில் சாட்சி சொல்ல வேண்டிய மல்லாங்கிணற்றுக்காரர் அன்றைய வேலையைப் போட்டுவிட்டு விருதுநகர் போய், அங்கிருந்து திருவில்லிபுத்தூர் போக வேண்டும். போனபின் வாய்தா என்றால் திரும்பி வர வேண்டும். மூன்றாவது வாய்தாவில் அவர் வராமல் போனால், அந்த வழக்கின் உண்மையில் ஒரு துண்டு குறைந்துபோகும்.

இப்படிப்பட்ட வழக்கை விசாரிக்கும் நீதிபதி எங்கிருந்து வருகிறார்? பெரும்பாலும் அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வு எழுதி உரிமையியல் நீதிபதியாகச் சேர்ந்தவர். வரப்புத் தகராறும் ஜீவனாம்ச மனுவும் பார்த்து, சார்பு நீதிபதியாகி, பிறகு மாவட்ட நீதிபதியாகிறார். ஏழாண்டு வழக்கறிஞர் அனுபவத்தோடு நேரடியாக மாவட்ட நீதிபதி ஆகிறவர்களும் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஓர் ஊர். பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஊரிலும் புதுப் பள்ளிக்கூடம். சொந்த வழக்கைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை பேச முடியாது. பத்திரிகை தாக்கினாலும் பதில் சொல்ல முடியாது.

இந்த இடமாற்றத்தால் விளையும் ஒன்று வெளியே அதிகம் தெரியாது. நீண்ட வழக்கில் சாட்சியை நேரில் கேட்டவர் ஒருவர், தீர்ப்பெழுதுபவர் வேறொருவர். குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 326ஆம் பிரிவு இதற்கு இடம் கொடுத்தது: முந்தைய நீதிபதி பதிவுசெய்த சாட்சியத்தின் மேலேயே அடுத்தவர் தீர்ப்பெழுதலாம். ஆகவே பெரிய வழக்கொன்றில் பத்திரிகையில் பெயர் வந்த நீதிபதிக்குப் பின்னால், சாட்சி சொன்னதைச் சொன்னபடி எழுதிவைத்துவிட்டு மாற்றலாகிப் போன நீதிபதிகள் சிலர் இருப்பார்கள். விசாரணை நீதிபதியின் முதன்மையான வேலை அந்தப் பதிவுதான். தீர்ப்பு அதற்குப் பிறகு.

தமிழ்நாடு கண்ட பெரிய ஊழல் வழக்குகளில் ஒன்று இதைக் காட்டும். ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு 1991 முதல் 1996 வரையிலான ஐந்தாண்டுகளைப் பற்றியது. சென்னையில் விசாரணை நடந்தது. அரசுத் தரப்புச் சாட்சிகள் 259 பேர். 2001இல் ஆட்சி மாறியதும் 76 சாட்சிகள் மீண்டும் அழைக்கப்பட்டனர். 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பிறழ்ந்தனர். திமுகவின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பரில் வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட்டது. அங்கும் ஒருவர் பின் ஒருவராக நீதிபதிகள் மாறினார்கள். கடைசியாக, 2013இன் பிற்பகுதியில் வந்தவர் ஜான் மைக்கேல் டி குன்ஹா.

மங்களூர்க்காரர், வழக்கறிஞராக இருந்து நேரடியாக மாவட்ட நீதிபதியானவர். அவர் கையில் கிடைத்தது மலையளவு காகிதம். 2014 செப்டம்பர் 27 அன்று பரப்பன அக்ரஹாராவில் அவர் சொன்ன தீர்ப்பு ஆயிரம் பக்கங்களுக்கு மேல். நான்காண்டுச் சிறையும் 100 கோடி அபராதமும் எல்லார் நினைவிலும் நின்றன. அதைவிடக் கவனிக்க வேண்டியது கணக்கு. அரசுத் தரப்பு சொன்னது 66 கோடியே 65 லட்சம். அதை அவர் அப்படியே ஏற்கவில்லை. கட்டட மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தார். வளர்ப்பு மகன் திருமணச் செலவு ஆறு கோடிக்கு மேல் என்று சொல்லப்பட்டதில் மூன்று கோடியை மட்டும் கணக்கில் எடுத்தார். கடைசியில் நின்றது 53 கோடியே 60 லட்சம். தண்டிக்கப் போகிறவருக்கும் சேர வேண்டிய சலுகையைக் கழித்துக் கொடுத்துவிட்டுத் தண்டித்தார்.

2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் பத்துக் கடன் தொகைகளின் கூட்டல் 24 கோடியே 17 லட்சம் என்று இருந்தது. கூட்டினால் வருவது 10 கோடியே 67 லட்சம். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பையே மீண்டும் நிலைநிறுத்தியது. ஜெயலலிதா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். மற்ற மூவர் சிறை சென்றனர். டி குன்ஹாவின் தீர்ப்பு பிழைத்ததற்குக் காரணம் அவருடைய துணிச்சல் மட்டும் இல்லை. மாறிப்போன சாட்சிகள் முதலில் சொன்னதை யாரோ சில நீதிபதிகள் ஒழுங்காகப் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் இந்த மேடையில் நன்றி சொல்ல வேண்டும்.

மதுரையில் இன்னொரு வழக்கு. ஓமலூர் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூனில் கொல்லப்பட்டு, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தார். கடைசியாக அவரோடு திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போன தோழி நாமக்கல் நீதிமன்றத்தில் பிறழ் சாட்சியானார். கோகுல்ராஜின் தாய் போராடி வழக்கை மதுரைக்கு மாற்றினார். நீதிபதி சம்பத்குமார் முன் இருந்தவற்றில் முக்கியமானது கோயில் சிசிடிவி பதிவு. 2022 மார்ச் 8 அன்று முதன்மைக் குற்றவாளி யுவராஜுக்குச் சாகும்வரை சிறை விதித்தார். பத்துப் பேர் குற்றவாளிகள், ஐந்து பேர் விடுதலை. மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் ஆனந்த் வெங்கடேஷும் அந்தச் சாட்சியைத் தாங்களே வரவழைத்து, பதிவைத் திரையிட்டுக் கேட்டார்கள். சம்பவ இடங்களுக்கும் நேரில் போனார்கள். அபூர்வமான காரியம் அது. வழக்கமாக மேலே போவது காகிதம் மட்டும்தான்.

அந்தக் காகிதத்தை வேறு மாதிரியும் படிக்க முடியும். 1968 கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தார்கள். நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் 1970இல் மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்ற ஐயம் அந்தத் தீர்ப்பில் வெளிப்பட்டது. அது இன்றும் ஆறாத புண். மறுபக்கமும் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்ற நீதிபதி நவநீதம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு விதித்தார். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை வெளியே விட்டது. மேல்நீதிமன்றம் இல்லாதிருந்தால் அந்த 19 உயிர்கள் என்னவாகியிருக்கும்?

பதிவு என்பது எளிய வேலை இல்லை. நம் பக்கத்துப் பெரியவர் கூண்டில் ஏறி "பொழுது சாயுற நேரம், ஒரு கூப்பிடு தூரத்துல நின்னேன்" என்பார். அது "மாலை 6 மணி, 100 மீட்டர்" என்று தட்டச்சாகிவிட்டால், குறுக்கு விசாரணையில் அந்த ஆறு மணியையும் நூறு மீட்டரையும் வைத்தே அவரைப் பொய்யராக்கிவிடலாம். அவர் சொன்னதையே எழுத வைப்பவர் நல்ல நீதிபதி. சாட்சியம் முடிந்ததும் அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது 278ஆம் பிரிவு. சாட்சியின் நடத்தை பற்றி நீதிபதி குறிப்பெழுதுவது 280ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் சட்டமே புதிது, எண்களும் மாறிவிட்டன, கடமை மாறவில்லை.

அந்தக் கடமையின் விலை என்ன என்று சாத்தான்குளத்தில் தெரிந்தது. 2020 ஜூனில் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இறந்தபின், உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் கோவில்பட்டி நடுவர் எம்.எஸ். பாரதிதாசன் காவல் நிலையத்துக்குள் போனார். ஒத்துழைப்பு இல்லை, ஒரு காவலர் அவரையே இழிவாகப் பேசினார். சிசிடிவி பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. தலைமைக் காவலர் ரேவதி கண்டதைச் சொன்னார். கையெழுத்துப் போட அவருக்குப் பயம். நடுவர் விடாமல் இருந்து வாக்குமூலத்தை முடித்து, நடந்தது அனைத்தையும் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கையாக எழுதினார். அன்றிரவு அந்தப் பெண்ணின் சொல் காகிதத்தில் ஏறாமல் போயிருந்தால் கொலை வழக்கே வலுவிழந்திருக்கும். அதற்கு அடுத்த ஆண்டு ஜூலையில், ஜார்க்கண்டின் தன்பாத்தில் கூடுதல் மாவட்ட நீதிபதி உத்தம் ஆனந்த் காலை நடைப்பயிற்சியில் ஆட்டோ ஏற்றிக் கொல்லப்பட்டார்.

இந்த விசாரணை நீதிபதிகளுக்கு நாம் என்ன செய்ய முடியும்? அரசும் உயர் நீதிமன்றமும் செய்ய வேண்டியவை முதலில்: சாட்சியப் பதிவு நடுவில் நிற்கும்போது நீதிபதியை மாற்றாமலிருப்பது, போதிய சுருக்கெழுத்தர்களைத் தருவது, 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சாட்சிகளுக்கும் எட்டச் செய்வது. ஊர் செய்யக்கூடியதும் உண்டு. பாலியல் வழக்குகள் போன்ற சில தவிர, நீதிமன்றக் கதவு எல்லாருக்கும் திறந்தது. சட்டம் படிக்கும் இவ்வூர்ப் பிள்ளைகள் அருப்புக்கோட்டை நீதிமன்றத்தில் ஒரு முழு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். சாட்சி சொல்லும் எந்தச் சொல் காகிதத்தில் ஏறுகிறது, எது விட்டுப்போகிறது, நீதிபதி எந்த இடத்தில் தட்டச்சரை நிறுத்தித் திருத்தச் சொல்கிறார், கடைசியில் சாட்சிக்கு அவர் சொன்னதைப் படித்துக் காட்டினார்களா என்று குறித்துக்கொண்டு வரட்டும். அடுத்த ஆண்டு இந்த மேடையில் அவர்களே அதைப் பேசட்டும்.