ஒரு பிரகடனமும் ஒரு மறுப்பும்

கோலார் தங்கவயலுக்கு அருகே பூதிகோட்டை என்ற சிற்றூர் இருக்கின்றது. ஹைதர் அலி பிறந்த ஊர் அது. அயல்நாட்டார் பரப்பும் பொய்ச் செய்தியை ஒரு சமுதாயம் எவ்வாறு எதிர்த்து நிற்கின்றது என ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற முயலும் மாணவர்கள் இந்நாளில் பின்லாந்து, தைவான் முதலிய நாடுகளைப் பற்றிப் படிக்கின்றனர். படிக்கட்டும். எனினும், பூதிகோட்டையில் பிறந்தவரின் மகனுக்கு நேர்ந்ததையும் அவர்கள் கருத்திற்கொள்ள வேண்டுமென்று விரும்புகிறோம்.

திப்பு சுல்தான், பிரெஞ்சுக்காரரின் படையுதவியை நாடி, மொரீஷியஸ் தீவுக்கு இரகசியமாக இரு தூதரை அனுப்பினார். அத்தீவின் கவர்னர் மலார்ட்டிக்கிடம் அனுப்பப் படையில்லை. ஆகவே அவர் 1798 ஜனவரியில், ஆங்கிலேயரை இந்தியாவினின்றும் விரட்டத் திப்பு காத்திருக்கின்றார், தொண்டர்கள் வருக என்று ஊரறியப் பிரகடனம் செய்துவிட்டார். இரகசியத்தைக் காக்க இதைவிட விந்தையான வழி இராது! ஏப்ரல் இறுதியில் மங்களூரில் வந்து இறங்கியவர் ஏறக்குறைய நூறு பேரே.

ஜூன் மாதத்தில் அப்பிரகடனம் கல்கத்தாப் பத்திரிகையில் வெளியாயிற்று. பின்னாளில் வெல்லெஸ்லி எனப் புகழ்பெற்ற கவர்னர் ஜெனரலுக்கு நூறு பேர் என்ற கணக்கு பொருட்டாகவில்லை, பிரகடனமே போதுமானதாயிற்று. ஆகஸ்டில் நைல் நதி முகத்துவாரத்தில் நெல்சன் பிரெஞ்சுக் கப்பற்படையை அழித்தார். அச்செய்தி எட்டிய பின்னரும் மைசூரை நோக்கிய போர் ஆயத்தம் நிற்கவில்லை.

இதில் பொய் எங்கே என்று கேட்கலாம். தூது சென்றது மெய்; பிரகடனமும் மெய். பெரும்படை வருகின்றது என்ற அச்சம் ஒன்றே பொய். திப்பு அந்தப் பொய்யை மட்டும் மறுத்திருக்கலாம். டிசம்பரில் அவர் எழுதிய கடிதமோ அனைத்தையும் மறுத்தது. அரிசி ஏற்றிச் சென்ற வணிகக் கப்பலில் வேலை தேடி நாற்பது பேர் வந்தனராம். மற்றவை பிரெஞ்சுக்காரர் கட்டிவிட்ட கதையாம். மறைப்பதற்கு ஒன்று இருந்தமையால், மறுக்கத் தக்கதையும் அவரால் மறுக்க இயலவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்புவும் மாண்டார். அரண்மனையில் அகப்பட்ட கடிதங்களைக் கம்பெனியின் பாரசீக மொழிபெயர்ப்பாளர் எட்மன்ஸ்டன் முதலியோர் ஆங்கிலமாக்க, அவை அதே ஆண்டில் கல்கத்தாவில் நூலாக அச்சேறின. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடம் சற்று உறுத்துகின்றது. எதைப் பெயர்ப்பது, எதை அச்சிடுவது என்பதை வென்றவரே முடிவுசெய்தனர். பிரகடனத்தைப் பிரெஞ்சு அறிந்தோர் படித்தனர். ஆங்கிலம் அறிந்தோரும் படித்தனர். யாரைக் குறித்து அது எழுதப்பட்டதோ, அந்த மைசூர் மக்களின் மொழியில் அதைச் சொல்லவோ மறுக்கவோ பத்திரிகை ஒன்றும் இல்லை. கன்னடத்தின் முதற் பத்திரிகையான 'மங்களூர சமாசார' 1843-இல்தான், அந்த நூறு பேர் வந்திறங்கிய அதே மங்களூரில், தோன்றியது.