குப்பையைப் பொருளாக்குவது வீடே!

   

குப்பையைப் பொருளாக்குவது கடைதான் என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். பழைய பேப்பர் கடையில தராசு இருக்கு, ஒத்துக்கறேன். பஜ்ஜி எண்ணெய் வழியற பேப்பரை அந்தத் தராசுல வைங்க, பார்ப்போம்! 'வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க சார்'னு கையெடுத்துக் கும்பிடுவார். (சிரிப்பு)

நடுவர் அவர்களே, நம்ம நெய்வேலியையே எடுத்துக்குவோம். பழுப்பு நிலக்கரி எரிஞ்சா சாம்பல். புகையோட போற அந்தச் சாம்பலை, புகைபோக்கிக்குப் போறதுக்கு முன்னாலேயே மின்சாரத்தால இழுத்துத் தனியாப் பிடிச்சிடறாங்க. அது சிமென்ட்டுல சேருது, செங்கல்லாகுது. இப்படிப் பயன்படுத்தணும்னு 1999-லேயே மத்திய அரசு அறிவிக்கை போட்டது. சாம்பல் ஏன் பொருளாச்சு? தனியா இருந்ததால! அதையே சாம்பாரோட கலந்திருந்தா? (கைதட்டல்)

வீட்டுக் குப்பையை மக்குவது, மக்காதது, ஆபத்தானது என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. யாருக்குச் சொல்லின? கடைக்காரருக்கா? குப்பை போடுகிற நமக்கு!

என் கதையையே சொல்றேன். ஒருநாள் உடைஞ்ச கண்ணாடி டம்ளரை மீந்த சோத்தோட ஒரே பையில கட்டி வாசல்ல வச்சேன். குப்பை வண்டியில வந்த அம்மா, சோறுதானேன்னு அடியில கை கொடுத்துத் தூக்கினாங்க. உள்ளங்கை கிழிஞ்சு ரத்தம்! பதறிப்போய் ஓடினேன். அவங்க திட்டலை. 'கண்ணாடி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி'ன்னாங்க. திட்டியிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன்.

அன்று முதல் எங்கள் வீட்டுப் பின்கட்டில் மூன்று சாக்குகள் தொங்குகின்றன. பேப்பர் ஒன்று, பாட்டில் ஒன்று, தகரம் ஒன்று. பால் கவரைக் கழுவிக் கொடியில காயப்போடறது என் வேலை. கிளிப் மாட்டறதுக்கு மட்டும் என் மனைவி உதவி செய்வாங்க! (சிரிப்பு) உடைஞ்ச கண்ணாடியைப் பேப்பர்ல சுத்தி, டப்பாவுல போட்டு, மேல எழுதிடறோம். ஞாயித்துக்கிழமை சைக்கிள்ல சாக்குகளைக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோறேன். கிடைக்கிற காசு ஒரு வேளை காப்பிக்குத்தான் வரும். ஆனா எங்க வாசல்ல இன்னொரு கை கிழியலை.

கடைக்காரர் எடை போடலாம். பிரிக்க வேண்டியது நாம். எனவே குப்பையைப் பொருளாக்குவது வீடே, வீடே!