கருந்தோலும் பொன்னெண்ணெயும்

(மூவாரில் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



மூவார் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை ஓங்கி நிற்கின்றது. குலையின் நிறம் பார்த்துப் பருவம் அறிவது நம் அன்றாடக் கடமையாகும். அந்நிறம் எங்கே தங்குகிறது, அதனை எந்த அளவிற்கு நம்பலாம் என்பவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில், பெரட்டுக்குச் செல்லுமுன் நாம் அருந்தும் தேநீரை எடுத்துக்கொள்வோம். தேயிலைக் கொழுந்தின் துவர்ப்புக்குக் காரணம் பிளேவனாய்டு எனப்படும் பொருள்களாகும். இலையின் உயிரணுவில் அவை உருவாகும் இடம் வேறு. சேமிக்கப்படும் இடம் வேறு. உருவானவற்றைக் கடத்திப் புரதங்கள் உயிரணுவின் நடுவிலுள்ள சாற்றுப்பைக்குள் கொண்டு சேர்க்கின்றன. தொழிற்சாலையில் இலையை நசுக்கி உருட்டும்பொழுது அப்பை கிழிகிறது. சாறு நொதியோடும் காற்றோடும் கலக்கிறது. பச்சை இலை செந்நிறம் பெறுவது இதனால்தான்.

செம்பனையிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. நம் தோட்டங்களில் பெரிதும் காணப்படும் வகையின் காய் கருமையாக இருப்பதற்குக் காரணம் அந்தோசயனின் என்னும் நிறமி. அதுவும் பிளேவனாய்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நீரில் கரையும் அந்நிறமி, பழத்தோலின் சாற்றுப்பைகளில் தங்குகிறது. எண்ணெய்க்குச் செம்பொன் நிறம் தரும் கரோட்டினோ எண்ணெயில் கரைவது; சதையில் சேர்வது. ஒரு கிலோ கச்சாச் செம்பனை எண்ணெயில் அது ஏறத்தாழ 500 முதல் 700 மில்லிகிராம் வரை உண்டு.

ஆகவே, கருந்தோல் ஒரு திரை போன்றது. உள்ளே சதை எவ்வளவு பழுத்துள்ளது என்பதை அது முழுமையாகக் காட்டுவதில்லை. உயர்ந்த மரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்தின் விலை சிறிதன்று. காய்க்குலையை வெட்டினால் எண்ணெய் குறையும். ஆலையில் தரம் பிரிக்கும்பொழுது குறை சொல்லப்படும். உழைத்தவரின் ஊதியத்திலும் அது எதிரொலிக்கும். காலம் தாழ்த்தினாலோ பழம் மிகக் கனிந்து உதிரும். அடிபட்ட பழத்தில் நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பமிலத்தைப் பெருக்கும்.

எனவே, நிறத்தோடு உதிரிப் பழத்தையும் பார்த்தல் வேண்டும். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரவிதிப்படி, பழுத்த குலை செம்மஞ்சள் நிறமுடையதாக இருக்க வேண்டும்; பழங்கள் புதிதாகக் கழன்ற குழிகள் குறைந்தது 10 இருத்தல் வேண்டும். கருமை மாறாது, ஒரு பழமும் கழலாத குலை காய்க்குலையே. மரத்தடியில் கிடக்கும் உதிரிப் பழம் மேலிருக்கும் குலையின் பருவத்தை அறிவிக்கும் தூதுவன் எனலாம்.

காய்ப்பருவத்தில் பச்சையாகவும், பழுத்ததும் செம்மஞ்சளாகவும் தெளிவாக மாறும் அரிய வகை ஒன்றும் உண்டு. அதன் தோலில் கருநிறமி சேர்வதில்லை. அவ்வேறுபாட்டிற்குக் காரணமான மரபணுவை நம் வாரியத்தின் அறிவியலாளர்கள் பிற நாட்டினருடன் இணைந்து கண்டறிந்து, 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாற்றுப் பருவத்திலேயே அவ்வகையைத் தேர்ந்தெடுக்க இது வழிவகுக்கும்.

அவ்வகை பரவலாகும் வரை நம் கண்ணும் அனுபவமுமே துணை. ஒரு குலை காயா, பழமா என்ற வழக்கு எழும்பொழுது, காரணம் அறிந்து பேசும் தொழிலாளியின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அறிவோடு அறுவடை செய்வோம். உழைப்பின் முழுப் பயனையும் பெறுவோம்.