மேல்மண்தான் நம் முதல்

(வானொலி உரை)

சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரங்களில் கிணறு வெட்டும்போது பார்த்திருப்பீர்கள். முதலில் ஓரடி, இரண்டடி செம்மண். அதற்குக் கீழே சரளை. இன்னும் கீழே போனால், பார்வைக்குப் பாறை போலவே இருக்கும். கடப்பாரையால் தட்டினால் பொலபொலவென்று உதிரும். அதற்கும் அடியில்தான் வெடி வைத்தாலொழிய அசையாத கருங்கல். இவை தனித்தனிப் பொருள்கள் அல்ல. அடியிலிருக்கும் கருங்கல்லே படிப்படியாக மாறி மேலே மண்ணாக வந்திருக்கிறது.

கல் எப்படி மண்ணாகும் என்று கேட்பீர்கள். பகல் வெயிலில் பாறை விரிகிறது, இரவுக் குளிரில் சுருங்குகிறது. இப்படியே விரிசல் விடுகிறது. அந்த விரிசலில் ஆலும் அரசும் வேர் விட்டுப் பிளக்கின்றன. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான புளிப்போடு இறங்குகிறது. அந்தப் புளிப்பு கல்லை மெல்ல மெல்ல அரித்து, அதில் ஒரு பகுதியைக் களியாக மாற்றுகிறது. கல்லிலுள்ள இரும்பு துருப்பிடிப்பதால்தான் செம்மண் சிவக்கிறது. வெங்கச்சங்கல் மட்டும் எளிதில் கரையாது. அதுதான் உடைந்து உடைந்து மணலாகிறது.

இது அவசரமில்லாத வேலை. ஒரு சென்டிமீட்டர் மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். பாட்டன், பூட்டன் காலத்திலிருந்து கணக்குப் போட்டாலும் அரை விரல் கனம் மண் சேர்ந்திருக்காது.

ஆனால் போவது? ஒரே மழை போதும். பெரிய மழைத்துளி வினாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் வெறுந்தரையில் வந்து மோதி மண்கட்டியை உடைக்கிறது. உடைந்த தூள் மண்ணின் துவாரங்களை அடைத்துவிடுகிறது. தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலோட்டமாக ஓடுகிறது. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது ஆற்றோட்டக் கணக்கு. ஆகவேதான் சரிவான கொல்லையில் முதலில் விரல் அகலக் கோடு விழுகிறது. நாலு வருஷத்தில் அதுவே மாடு இறங்க முடியாத ஓடையாகிவிடுகிறது.

"கொஞ்சம் மண்ணு போனா என்னங்க, காடா குறைஞ்சுபோச்சு?" என்று சிலர் கேட்பதுண்டு. கணக்குப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனம் மண் என்றால் 4 கன மீட்டர். எடையில் 5 முதல் 6 டன். கண்ணுக்குக் குறைந்ததே தெரியாது. நாம் போட்ட தொழுவுரமும் ரசாயன உரமும் அந்த மேல்மண்ணோடுதான் போகின்றன. நிற்பது சரளை. அதில் மானாவாரிச் சோளமும் நிலக்கடலையும் நாலு நாள் வெயிலுக்கே வாடிவிடும்.

போன மண் மறைந்துவிடுவதில்லை. தண்ணீர் வேகம் குறையும் இடத்தில் முதலில் பருமணல் படியும். பிறகு நுண்மணல், அப்புறம் வண்டல். களி மட்டும் கலங்கலாகவே நெடுந்தூரம் போகும். காவிரி இப்படிக் காலங்காலமாகக் கொண்டுவந்து பரப்பியதுதான் தஞ்சைத் தரணியின் வண்டல். ஆனால் அதே மண் ஏரியிலும் அணையிலும் படிந்தால் தண்ணீர் நிற்கும் இடம் போய்விடும். பவானிசாகர் அணையின் 120 அடியில் சேறும் சகதியும் 15 அடி என்று கழித்துவிட்டு, 105 அடி என்றுதான் நீர்மட்டம் சொல்கிறார்கள். நம் காட்டு மண் போனால் நமக்கும் நட்டம், நம் ஊர் ஏரிப் பாசனத்துக்கும் நட்டம்.

என்ன செய்யலாம்? முதலாவது, சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். மேலிருந்து கீழாக உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால்தான். இரண்டாவது, சம உயரத்தில் வரப்புப் போட்டு, வரப்பின் மேல் வெட்டிவேரோ கொழுக்கட்டைப் புல்லோ நடுங்கள். வேர் மண்ணைப் பிடிக்கும். புல் மாட்டுக்கு ஆகும். மூன்றாவது, மிஞ்சிய தண்ணீர் வெளியேற, வரப்பில் கல் அடுக்கி ஒரு வழி விடுங்கள். வழியில்லாத வரப்பு பெருமழையில் உடைந்து, வரப்பே இல்லாததைவிட அதிகக் கேடு செய்யும். நான்காவது, மழைக்காலத்தில் தரையை வெறுமனே விடாமல் தட்டைப்பயறு, கொள்ளு போன்ற படரும் பயிரை ஊடுபயிராக விதையுங்கள். துளியின் அடியை இலை தாங்கிக்கொள்ளும். கோடையில் ஏரி வற்றியதும் உரிய அனுமதி பெற்று வண்டலை அள்ளி மேட்டு நிலத்தில் பரப்பினால், இறங்கிப்போன மண்ணில் ஒரு பங்காவது வீடு திரும்பும்.

நம் காட்டில் மண் போகிறதா என்று சந்தேகமா? அடுத்த மழையில், கொல்லையை விட்டுத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அதைப் பிடித்து, இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் எத்தனை விரற்கடை படிந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு வரப்பு வேலையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போட உங்களுக்கே மனம் வராது.