பந்தியில் விடுபட்டவர்கள்



வெளியார் ஒருவர் நம்மை ஏசினால் இரண்டு நாளில் மறந்துவிடுகிறோம். ஆனால், நம்மோடு ஒரே ஆலயத்தில் முழங்காலிட்டு ஜெபிக்கிறவர் ஒரு கடுஞ்சொல் சொல்லிவிட்டால், அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு லயம் முழுவதும் அழைத்துவிட்டு நம் வீட்டை விட்டுவிட்டார்கள். நம் பெண் பாடவிருந்த பாட்டை வேறொரு வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு நாம் கடைசிப் பெஞ்சில் உட்காருகிறோம். அதற்கடுத்த ஞாயிறு வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். நம்மோடு நம் பிள்ளைகளும் நின்றுவிடுகிறார்கள்.

இந்த மனத்தாங்கல் இன்று நேற்று வந்ததன்று. கிறிஸ்துவின் சீடர்கள் எருசலேமில் கூடிய முதல் சபையிலேயே இது இருந்தது. வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் இதை மறைக்காமல் சொல்லுகிறது. அங்கே எபிரெயர் ஒரு சாரார். கிரேக்க மொழி பேசும் யூதர் மற்றொரு சாரார். ஏழை விதவைகளுக்கு நாள்தோறும் உணவு பகிர்ந்தபோது, கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள். சபையில் முறுமுறுப்பு எழுந்தது.

தலைவர்கள் என்ன செய்தார்கள்? "வாயை மூடுங்கள்" என்று அதட்டவில்லை. "பொறுத்துப் போங்கள்" என்று தட்டிக்கழிக்கவும் இல்லை. சபையாரைக் கூட்டி, பந்தி விசாரிக்க 7 பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு முதலான அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரை நம்பியே பொறுப்பை ஒப்படைத்தார்கள் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பிறர் குறையைக் காதுகொடுத்துக் கேட்டு, தம் கையிலிருந்த அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டார்களே, அதுதான் தாழ்மை.

கதை இதோடு முடியவில்லை, நேயர்களே. அந்த எழுவரில் ஒருவரான ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டார். கல்லெறிந்தவர்கள் தங்கள் மேலாடைகளைச் சவுல் என்ற வாலிபனின் காலடியில் வைத்தார்கள். அந்தக் கொலைக்குச் சவுல் உடன்பட்டிருந்தான். வீடு வீடாகப் புகுந்து ஆண்களையும் பெண்களையும் இழுத்துச் சென்று சிறையில் அடைத்தான். சீடர்கள் சிதறினார்கள். சிதறியவர்களில் பிலிப்பும் ஒருவர்.

பின்னர்ச் சவுல் மனந்திரும்பினார். அவரே நாம் பவுல் என்று அறிகிறவர். அவர் எருசலேமுக்கு வந்தபோது சீடர்கள் அஞ்சி ஒதுங்கினார்கள். பர்னபா என்பவர்தாம் அவரை அழைத்துக்கொண்டுபோய் அப்போஸ்தலர் முன் நிறுத்தினார். அந்த ஒருவர் கை கொடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழிந்தன. பவுல் செசரியா பட்டணத்துக்கு வருகிறார். தங்கியது யார் வீட்டில்? 21ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அதே பிலிப்பின் வீட்டில்! தம் தோழரின் கொலைக்கு உடன்பட்டவரை, தம்மை ஊரைவிட்டு ஓடவைத்தவரை, பிலிப்பு தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். அந்த வீட்டில் அவருடைய குமாரத்திகள் நால்வரும் இருந்தார்கள். பவுல் அங்கே பல நாள் தங்கினார். கதவைத் திறந்தபோது பிலிப்பின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று வேதாகமம் சொல்லவில்லை. ஆனால் கதவு திறந்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? மன்னிப்பது என்றால் நடந்த தவற்றை மூடி மறைப்பதன்று. விதவைகளின் குறையை எடுத்துச் சொன்னார்கள், அது திருத்தப்பட்டது. ஆகவே, மனம் புண்பட்டவர்கள் லயத்துக்கு லயம் பேசித் திரியாமல், உரியவரிடம் நேரில் சொல்லவேண்டும். பொறுப்பில் இருப்பவர்கள் கோபமின்றிக் கேட்டு, தவறு தம்முடையதானால் முதலில் தாமே போய் மன்னிப்புக் கேட்கவேண்டும். மண்டோர் வீடு, பால்வெட்டுகிறவர் வீடு, இன்ன சாதி, இன்ன ஊர் என்று பெஞ்சு பிரிக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் அது ஒழியவேண்டும்.

வேறொரு தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் வரும் ஞாயிறு வாசலில் தயங்கி நிற்கலாம். பல மாதம் வராதிருந்த பழைய குடும்பமும் நிற்கலாம். "ஏன் இத்தனை நாள் வரவில்லை?" என்று கேளாதிருப்போம். நாம் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, "இங்கே வாருங்கள், அக்கா" என்று இடம் கொடுப்போம்.